சுடாத துப்பாக்கியின் விலை

சுடுவதற்கென்றே செய்யப்பட்ட ஒரு பொருள், சுடாமல் இருந்தால்தான் விலை பெறும் என்று சொன்னால் கேட்போர் நகைக்கக்கூடும். ஆயினும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அறுபது ஆண்டுகளாக ஒரு வாணிகம் இந்த விதியின்மேல்தான் நடந்து வருகிறது. ஒரு மாநிலம் பிறந்து எழுபத்தைந்து ஆண்டுகள் நிறைந்தமைக்கு ஒரு துப்பாக்கி. இருப்புப்பாதை இட்டு நூறாண்டு ஆனதற்கு ஒரு துப்பாக்கி. திரைப்பட நடிகர் ஒருவர் மறைந்ததற்கு ஒரு துப்பாக்கி. நினைவுத் துப்பாக்கிகள் என்பது இவற்றின் பொதுப்பெயர். பொன் முலாம் பூசிய உடல், கட்டையில் பதித்த பதக்கம், குழலின்மேல் பொறித்த வாசகம், படம் அச்சிட்ட பெட்டி, இவற்றோடு சொல்லியும் சொல்லாமலும் ஒரு வாக்குறுதி: நாள் செல்லச் செல்ல இதன் மதிப்பு ஏறும் என்பது.

நம் நாட்டு வாசகருக்கு இது சற்றுத் தொலைவான செய்திதான். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் அதற்கு 2019-இல் வந்த திருத்தமும் உரிமம் பெற்ற ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க இடம் தருவதில்லை. சுவர் நிறையத் துப்பாக்கிகளை அடுக்கி வைத்து மகிழும் பழக்கம் நமக்கு அந்நியமானது. ஆனால் அதனுள் புதைந்து கிடக்கும் கேள்விகள் அந்நியமானவை அல்ல. ஒரு பொருளின் மதிப்பு எங்கே இருக்கிறது? பொருளிலா, வைத்திருப்பவன் மனத்திலா, வாங்க வருபவன் பையிலா? நினைவு என்பதை முன்கூட்டியே உற்பத்தி செய்து, எண்ணிட்டு, பெட்டியில் அடைத்து விற்க இயலுமா? நம்பி வாங்கியவர் மறைந்தபின் அவருடைய மனைவியோ மக்களோ அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மதிப்பீட்டாளரிடம் வந்து நின்றால், அவர் என்ன சொல்லக் கடமைப்பட்டவர்?

முதலில் இவ்வாணிகத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். இல்லினாய் மாநிலத்தில் ஜெனசியோ என்று ஒரு சிற்றூர். அவ்வூரின் 125-ஆம் ஆண்டு நிறைவையொட்டிக் கோல்ட் நிறுவனம் 1961-இல் நூற்றுச் சொச்சம் சிறு கைத்துப்பாக்கிகளைச் செய்து கொடுத்தது. நினைவுத் துப்பாக்கிகளின் வரிசை பொதுவாக அங்கிருந்தே எண்ணப்படுகிறது. அதே ஆண்டில் உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு வந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர் மாண்ட அந்தப் போரை நினைவுகூர அந்நிறுவனம் வெளியிட்டது, தகர டப்பாக்களைக் குறி வைத்துச் சுடத்தக்க ஒற்றைத் தோட்டாக் கைத்துப்பாக்கி. அவற்றில் இருபதாயிரத்துக்கும் மேல் விற்றன. 1964-இல் வின்செஸ்டர் நிறுவனம் களத்தில் இறங்கியது. வயோமிங் மாநிலத்தின் வைர விழாவுக்காக 1,500 ரைபிள்கள் செய்தது. இரண்டே ஆண்டுகளில், 1966-இல், தன்னுடைய சொந்த நூற்றாண்டுக்காகப் பொன் முலாம் பூசிய ரைபிள்களை வெளியிட்டது. அவை ஒரு லட்சத்தைத் தாண்டின. அதன் பிறகு அணை உடைந்தது போலாயிற்று. 1967-இல் கனடா நாட்டின் நூற்றாண்டு. 1968-இல் பஃபலோ பில். 1969-இல் தியடோர் ரூஸ்வெல்ட்டும் கண்டம் கடந்த இருப்புப்பாதையின் பொன் ஆணியும். 1976-இல் அமெரிக்க விடுதலையின் இருநூறாம் ஆண்டு. 1981-இல் நடிகர் ஜான் வெயின். பஃபலோ பில் மட்டுமே ஒரு லட்சத்துக்கு மேல். ஜான் வெயின் ஐம்பதாயிரம் அளவில்.

இவற்றுள் பெரும்பாலானவற்றின் உள்ளே இருந்தது ஒரே ஆயுதந்தான். ஜான் மோசஸ் பிரவுனிங் வடிவமைத்து 1894-இல் வெளிவந்த வின்செஸ்டர் 94. மான் வேட்டைக்காரனும் மாட்டுப்பண்ணைக்காரனும் சேணத்தில் செருகிக்கொண்டு திரிந்த சாதாரண ரைபிள் அது. பல லட்சக்கணக்கில் விற்றது. அதன் பத்து லட்சமாவது பிரதி 1927-இல் குடியரசுத் தலைவர் கூலிட்ஜுக்கும், பதினைந்து லட்சமாவது 1948-இல் ட்ரூமனுக்கும், இருபது லட்சமாவது 1953-இல் ஐசன்ஹோவருக்கும் அளிக்கப்பட்டன. அந்த மூன்றும்கூட ஒரு வகையில் நினைவுத் துப்பாக்கிகளே. ஆயினும் அவை ஒரு நிகழ்ச்சிக்கு உண்மையான சாட்சிகள். அந்த எண்ணைத் தொட்டது அந்தப் பிரதிதான், வேறொன்று தொட்டிருக்க முடியாது. பின்னர் வந்தவை அப்படியல்ல. பஃபலோ பில் என்னும் வில்லியம் கோடி, 1867-68 ஆண்டுகளில் கேன்சஸ் பகுதி இருப்புப்பாதைத் தொழிலாளரின் உணவுக்காக நாலாயிரத்துக்கும் மேற்பட்ட காட்டெருமைகளைச் சுட்டு வீழ்த்தியதாகத் தாமே எழுதியவர். அதற்கு அவர் கையாண்டது ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிள். அந்நாளில் வின்செஸ்டர் 94 பிறக்கவே இல்லை. பிறக்க இன்னும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. 1869-இல் யூட்டாவில் பொன் ஆணி அறையப்பட்டபோதும் பிறக்கவில்லை. 1890-இல் வயோமிங் மாநிலமானபோதும் பிறக்கவில்லை. ஜான் வெயின் திரையில் சுழற்றிக் காட்டியதோ பெரிய வளையம் பூட்டிய 1892-ஆம் ஆண்டு மாதிரி. அவர் நினைவாக வந்ததோ அதே போன்ற வளையம் பூட்டிய 94. ஆகவே இந்தத் துப்பாக்கிகளுக்கும் அவை நினைவூட்டும் நிகழ்ச்சிகளுக்கும் இடையே உள்ள உறவு, பதக்கத்தை ஒட்டிய பசையின் அளவுக்கே உறுதியானது என்று கூறினால் மிகையாகாது.

இனி மதிப்பீட்டுக்கு வருவோம். அமெரிக்காவில் இது ஒரு முறையான தொழில். துப்பாக்கியை மேசைமேல் வைத்ததும் மதிப்பீட்டாளர் தொடர் எண்ணைப் பார்ப்பார். எந்த ஆண்டு, எந்த வெளியீடு, மொத்தம் எத்தனை செய்யப்பட்டன என்பதை ஆண்டுதோறும் வெளிவரும் விலைக் கையேடுகளோடு ஒப்பிடுவார். அடுத்து, பெட்டி உண்டா, வெளியுறை உண்டா, உடன்வந்த தாள்கள் உண்டா, பதக்கமோ தோட்டாக்களோ உடன் விற்கப்பட்டிருந்தால் அவை உண்டா என்று கேட்பார். பிறகுதான் ஆயுதத்தைக் கையில் எடுப்பார். பழைய துப்பாக்கியில் அவர் தேடுவது வேறு. இதில் தேடுவது வேறு. இதில் அவர் தேடுவது, யாரும் தொட்டதன் அடையாளம். ரிவால்வராயின் உருளையைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். ஒரே ஒரு முறை ஆசையினால் உருளையைச் சுழற்றிப் பார்த்திருந்தாலும் அந்தக் கோடு காட்டிக் கொடுத்துவிடும். ரைபிளாயின் லீவரை இழுத்த தடம் உண்டா, குழலுக்குள் வெடிமருந்தின் கறை உண்டா, பொன் முலாமில் விரல் ரேகை பதிந்து கருத்திருக்கிறதா என்று ஆராய்வார். தோட்டா ஒன்று வெடித்திருந்தால் போயிற்று. சேகரிப்பாளருக்குரிய மதிப்பின் பெரும்பகுதி அத்தோடு நீங்கி, சாதாரணத் துப்பாக்கியின் விலைக்கே அது இறங்கிவிடும்.

பயன்பட்டது என்பதே இங்கே குற்றம். இந்த விந்தையை நாம் எளிதில் கடந்து போகலாகாது. உலகில் நாம் மதிக்கும் பழம்பொருள்கள் பெரும்பாலும் பயன்பட்டமையால் மதிப்புப் பெற்றவை. பாட்டனாரின் எழுதுகோல் அவர் எழுதியதால் நமக்கு அருமை. பாட்டியாரின் அம்மி அவர் அரைத்ததால் அருமை. எழுதாத எழுதுகோலையும் அரைக்காத அம்மியையும் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாமே! நினைவுத் துப்பாக்கி இந்த முறையைத் தலைகீழாக்குகிறது. உடையவனுடைய வாழ்க்கை அதன்மேல் படியாமல் இருக்கும் அளவுக்கே அதன் விலை நிற்கும். அவன் அதைத் தன் மகனோடு காட்டுக்கு எடுத்துச் சென்று ஒரு நாள் மகிழ்ந்திருந்தால், அந்த மகிழ்ச்சி கணக்கில் நட்டமாக எழுதப்படும்.

சரி, அவ்வளவு பத்திரமாகக் காத்த பிறகேனும் வாக்குறுதி நிறைவேறியதா? நூற்றாண்டு ரைபிள் 1966-இல் 125 டாலருக்கு விற்றது. பணவீக்கத்தைக் கணக்கிட்டால் அத்தொகை 2024-இல் ஏறத்தாழ 1,200 டாலருக்குச் சமம். பெட்டி கலையாமல், உறை கிழியாமல் அறுபது ஆண்டுகள் காக்கப்பட்ட பிரதிகளும் அந்த எல்லையை எட்டுவதற்கே திணறுகின்றன. காரணம் மறைவானதன்று. அரிய பொருள் எங்ஙனம் அரிதாகிறது? அது அரிதாகப் போகிறது என்பதை யாரும் அறியாமையால். நூறு பேர் வாங்கினர். தொண்ணூறு பேர் பயன்படுத்தித் தேய்த்தனர், உடைத்தனர், தொலைத்தனர், பேரீச்சம்பழத்துக்குப் போட்டனர். எஞ்சிய பத்துக்குக் கிராக்கி வந்தது. ஆனால் ஒரு லட்சம் பேரிடம், 'இது நாளை அரிதாகும், பத்திரப்படுத்து' என்று சொல்லி விற்றால், அந்த ஒரு லட்சம் பேரும் பத்திரப்படுத்துவர். எல்லோரும் காத்தமையால் எதுவுமே அரிதாகவில்லை. வாங்கியவர்கள் ஒரே தலைமுறையினர். மேற்கத்திய வீரக்கதைப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். அத்தலைமுறை மூப்படைந்து மறைய மறைய, பெட்டிகள் ஒன்றாகவே சந்தைக்கு வந்து சேருகின்றன. அவற்றை விரும்பிக் கேட்கும் இளையோரோ மிகுதியாக இல்லை.

இதற்கிடையே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். 1964-இல் வின்செஸ்டர் நிறுவனம் செலவைக் குறைப்பதற்காக 94-இன் உறுப்புகளைச் செய்யும் முறையை மாற்றியது. கடைந்து செதுக்கிய உறுப்புகளின் இடத்தில் தகட்டை அழுத்தி வெட்டிய உறுப்புகள் வந்தன. உடலின் உலோகமே மாறியது. வாங்குவோர் முகம் சுளித்தனர். அன்று முதல் அமெரிக்கச் சந்தையில் 'அறுபத்து நான்குக்கு முந்தியது' என்பது ஒரு நற்சான்றாகவே ஆகிவிட்டது. இன்று கட்டையில் கீறலும் உடலில் தேய்மானமுமாக, நாற்பது குளிர்காலங்கள் மழையில் நனைந்த பழைய 94 ஒன்று, பெட்டி திறக்காத பொன் முலாம் ரைபிளுக்குச் சமமாகவும் சில வேளை மேலாகவும் விலை போவதுண்டு. நியூ ஹேவன் நகரத் தொழிற்சாலை 2006-இல் மூடப்பட்டபோது எல்லா 94-களின் விலையும் சிறிது காலம் ஏறியது. 2010 முதல் அதே மாதிரி மீண்டும் வருகிறது. செய்வது ஜப்பானில் உள்ள மிரோக்கு நிறுவனம். மேற்கு அமெரிக்காவின் வீர அடையாளம் இன்று கிழக்கே ஒரு தீவில் வார்க்கப்படுவதைப் பற்றி ஜான் வெயின் என்ன நினைத்திருப்பாரோ!

நிறுவனமே ஒரு துப்பாக்கிக்குச் சிறப்புப் பட்டம் சூட்டுவது முற்றிலும் பொய்யான செயல் என்று நாம் கருதவில்லை. அதே வின்செஸ்டர் நிறுவனம் 1875-ஆம் ஆண்டுப் பட்டியலில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. செய்த குழல்களையெல்லாம் சுட்டுச் சோதிப்போம். குறி தவறாமல் நெருக்கமாகச் சுடுபவற்றைப் பிரித்தெடுத்து, நுண்ணிய விசை பூட்டி, மெருகேற்றி, 'ஆயிரத்தில் ஒன்று' எனப் பொறித்து நூறு டாலருக்கு விற்போம் என்பது அதன் சாரம். 1873-ஆம் ஆண்டு மாதிரியில் அப்பட்டம் பெற்றவை நூற்றுமுப்பதுக்குச் சற்றே மேல். அடுத்த தரமாகிய 'நூறில் ஒன்று' எட்டே எட்டு. ஏனைய துப்பாக்கிகளெல்லாம் மட்டமானவை போலும் என்று மக்கள் எண்ணிவிடக்கூடும் என்பதால் இம்முறை விரைவில் கைவிடப்பட்டதாகக் கூறுவர். 1950-இல் இந்தத் துப்பாக்கியையே கதைப்பொருளாக்கி 'வின்செஸ்டர் 73' என்ற திரைப்படம் வந்தது. எஞ்சியிருக்கும் பிரதிகள் எங்கே என்று படக்கம்பெனியார் நாடெங்கும் தேடினர். அப்போதுதான் பல பிரதிகள் வெளிச்சத்துக்கு வந்தன. இன்று அவை சேகரிப்பாளரின் கனவு. அங்கும் பொறித்த எழுத்துத்தான் விலையை ஏற்றியது. ஆனால் அந்த எழுத்து ஒரு சோதனைக்குப் பின் வந்தது. துப்பாக்கி முதலில் தன்னை மெய்ப்பித்தது. பட்டம் பின்னால் சூட்டப்பட்டது. நினைவுத் துப்பாக்கிகளில் பட்டம் முன்னால் வந்துவிடுகிறது. மெய்ப்பிக்க வாய்ப்பே அளிக்கப்படுவதில்லை.

நம் முன்னோரும் மாண்ட வீரனுக்கு நடுகல் நட்டனர். அதில் வில்லும் வாளும் செதுக்கினர். அவன் விழுந்த பிறகே கல் எழுந்தது. அதனை யாரும் எண்ணிட்டு விற்றதில்லை.

இதுவரை சொன்னவற்றைக் கேட்டு ஒருவர் சொல்லலாம்: 'அப்படியானால் வரலாற்றில் உண்மையாகவே பங்கு கொண்ட துப்பாக்கிக்கு விலை மிகுவதே நியாயம், சந்தை சரியாகத்தான் கணக்கிடுகிறது.' இங்கேதான் நமக்கு நடை தயங்குகிறது. 2021 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு கோல்ட் ரிவால்வர் ஏலம் போயிற்று. பொன் முலாம் இல்லை, பதக்கம் இல்லை, பெட்டியும் இல்லை. 1881 ஜூலை 14 அன்று நியூ மெக்ஸிகோவில் இருட்டறை ஒன்றில் பேட் கேரட் என்ற காவலதிகாரி, 'பில்லி தி கிட்' என்ற இளைஞனைச் சுட்டுக் கொன்றது அதனால்தான். இருபத்தொரு வயதளவில் மாண்டவன் அவன். அதன் விலை 60 லட்சம் டாலருக்கு மேல். பாரிஸில் 2016-இல், கவிஞர் வெர்லேன் தம் நண்பர் ராம்போவைச் சுட்டுக் காயப்படுத்திய கைத்துப்பாக்கி நாலு லட்சம் யூரோவைத் தாண்டியது. 2019-இல், ஓவியர் வான் கோ தம்மைத் தாமே சுட்டுக்கொண்டதாகக் கருதப்படும் துருவேறிய இரும்புத் துண்டு ஒன்றரை லட்சம் யூரோவுக்கு மேல் போயிற்று. அது இனி ஒருநாளும் வெடிக்கப் போவதில்லை. ஒரு முறை வெடித்தது போதும் என்றே வாங்கியவர் கருதியிருக்க வேண்டும்.

நம் உள்ளத்துக்கு அண்மையான ஒன்றையும் இங்கே குறிப்பிடத் தோன்றுகிறது. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்து திப்பு சுல்தான் களத்தில் மாண்டபின், அவர் படுக்கையறையிலிருந்து எடுக்கப்பட்டு ஆங்கிலத் தளபதி பேர்டுக்கு அளிக்கப்பட்ட வாள், 2023 மே மாதம் லண்டனில் 1.4 கோடி பவுண்டுக்கு விலை போயிற்று. சேகரிப்பாளர் மொழியில் அதன் விலைக்கு ஆதாரம், கைமாறிய வரலாறு ஐயமின்றி நிறுவப்பட்டிருப்பது. நேரிய மொழியில் சொன்னால், கொள்ளைக்கு ரசீது இருப்பது.

ஆக, சந்தையின் தராசில் ஒரு தட்டில் யாருக்கும் தீங்கு செய்யாத பொன் முலாம் துப்பாக்கி ஒரு சில நூறு டாலரோடு நிற்கிறது. மறுதட்டில் ஒரு மனிதனின் உயிரைக் குடித்த துப்பாக்கி பல லட்சத்தோடு தாழ்கிறது. உயிர்தான் விலையை ஏற்றுகிறதா? அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. தியடோர் ரூஸ்வெல்ட்டுக்காக 1898 மே 12 அன்று தொழிற்சாலையிலிருந்து அனுப்பப்பட்ட ஸ்மித் அண்டு வெஸ்ஸன் ரிவால்வர் ஒன்று 2022 டிசம்பரில் ஒன்பது லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. அதை அவர் கியூபப் போர்க்களத்துக்கு எடுத்துச் செல்லவில்லை என்றே கருதப்படுகிறது. அதாவது அது யாரையும் கொல்லவில்லை; ஒரு பெரிய மனிதரின் அருகில் இருந்தது, அவ்வளவே. அவருடைய முகம் பொறித்து 1969-இல் வந்த ஐம்பதாயிரம் அளவிலான ரைபிள்கள் அனைத்தையும் விட, அவர் கை பட்ட இந்த ஒன்று மதிப்பில் எங்கோ உயரத்தில் நிற்கிறது. எனவே சேகரிப்பாளர் விலை கொடுப்பது இரத்தத்துக்கு மட்டுமன்று, அண்மைக்கு. ஒரு வாழ்வோ சாவோ இந்தப் பொருளைத் தொட்டது என்ற உறுதிக்கு. அந்த ஏக்கம் மனித இயல்பு. அதை நாம் பழிக்கவில்லை. ஆனால் அண்மையைத் தேடும் கண் நன்மையையும் தீமையையும் பிரித்துப் பார்ப்பதில்லை என்பதையும் மறைக்க இயலாது.

பிரித்துப் பார்க்காமையின் எல்லை எது என்பதைப் பல ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க மக்கள் கண்ணாரக் கண்டனர். 2012-இல் புளோரிடாவில் ஆயுதம் ஏதுமில்லாத பதினேழு வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவன் சுட்டுக் கொல்லப்பட்டான். சுட்டவர் தற்காப்பு என வாதிட்டு விடுதலை பெற்றார். 2016-இல் அவரே அந்தத் துப்பாக்கியை 'அமெரிக்க வரலாற்றின் ஒரு துண்டு' என்ற பொருள்பட விளம்பரம் செய்து ஏலத்துக்கு விட்டார். முதலில் ஏற்ற ஏலத்தளம் மக்களின் சீற்றம் கண்டு விலகியது, வேறொன்று ஏற்றுக்கொண்டது. பில்லி தி கிட்டைக் கொன்ற துப்பாக்கிக்கு 60 லட்சம் கொடுப்பதைக் கண்டு முகம் சுளிக்காத பலர் இதற்கு முகம் சுளித்தனர். ஏன்? அந்தச் சிறுவனின் தாய் உயிரோடு இருந்தார். அழுவதற்கு ஆள் இருக்கும்வரை அது குற்றத்தின் தடயம்; அழுவோர் அனைவரும் மறைந்தபின் அது சேகரிப்புப் பொருள் என்றுதான் சந்தை நடக்கிறது. நூற்று நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டால் துயரம் பழம்பொருளாகி விடுமா என்பதற்கு நம்மிடம் முழு விடை இல்லை. விலை குறிக்கும் முன் மதிப்பீட்டாளர் ஒருமுறையேனும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது என்று மட்டும் துணிந்து கூறுவோம்.

இவ்விடத்தில் நினைவுத் துப்பாக்கியின்மேல் நமக்கு எதிர்பாராத ஓர் இரக்கம் பிறக்கிறது. சந்தை அதை எள்ளி நகையாடுவதற்குச் சொல்லும் காரணம், அதற்கு வரலாறு இல்லை என்பது. வரலாறு இல்லை என்றால் என்ன பொருள்? அதனால் எந்தத் தாயும் அழவில்லை; எந்த எருமையும் விழவில்லை. ஒரு துப்பாக்கிக்கு இதைவிடத் தூய்மையான வாழ்க்கைக் குறிப்பு வேறென்ன இருக்க முடியும்? அது நினைவூட்ட வந்த செய்தி பொய்யாக இருக்கலாம். அதன் சொந்த வாழ்வு மாசற்றது.

அந்தப் பொய் எப்போதும் தீங்கற்றது என்று இதனால் பொருள்படாது. 1968-இல் பஃபலோ பில் ரைபிளை வாங்கிய ஒரு லட்சம் பேரில் எத்தனை பேர், கோடிக்கணக்கில் இருந்த காட்டெருமைகள் 1889-இல் ஏறத்தாழ ஆயிரமாகக் குறைந்ததை எண்ணிப் பார்த்திருப்பர்? அவ்விலங்கை நம்பி வாழ்ந்த பழங்குடி மக்கள் அதனோடு சேர்ந்து பட்டினியில் வீழ்ந்ததை எண்ணியிருப்பர்? 1983-இல் அதே நிறுவனம் லக்கோட்டா மக்களின் தலைவர் கிரேசி ஹார்ஸ் பெயரால் இருபதாயிரம் அளவில் ஒரு நினைவு ரைபிள் வெளியிட்டது. 1877 செப்டம்பரில் நெப்ராஸ்காவின் ராபின்சன் கோட்டையில், சரணடைந்திருந்த நிலையில், காவல் வீரன் ஒருவனின் துப்பாக்கிமுனை ஈட்டியால் குத்தப்பட்டு மாண்டவர் அவர். அவருடைய உருவப்படம் என்று ஐயமறச் சொல்லத்தக்கது ஒன்றுகூட இல்லை. எருமையைக் கொன்றவருக்கும் எருமையோடு வாழ்ந்தவருக்கும் ஒரே துப்பாக்கி, ஒரே பட்டறை, பக்கம் பக்கமாக ஒரே அட்டவணையில் விலை. இரண்டையும் ஒருவரே வாங்கி ஒரே சுவரில் மாட்டுவதும் உண்டு. நினைவு என்பது யாரைப் பக்கம் சார்கிறது என்று கேளாமல் எல்லாவற்றையும் வணங்கினால், அது நினைவன்று, அலங்காரம்.

எஞ்சி நிற்பது நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்வி: பெட்டியோடு வந்து நிற்கும் அந்தக் கைம்பெண்ணிடம் என்ன சொல்வது? கணவர் நாற்பது ஆண்டுகள் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தார். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்தார். 'எனக்குப் பின் இவை உனக்கு உதவும்' என்று சொல்லிவிட்டுப் போனார். இத்தகைய நிலை அங்கே அரிதன்று. பழகிய மதிப்பீட்டாளர் எல்லோரும் சந்திப்பது. அவர்முன் மூன்று வழிகள் உண்டு. காப்பீட்டுக்குரிய உயர்ந்த தொகையைச் சொல்லி அம்மையாரை மகிழ்வித்து அனுப்பலாம். விற்கச் செல்லும் நாளில் அவர் ஏமாறுவார். கடைக்காரன் கொடுக்கும் மிகக் குறைந்த தொகையைச் சொல்லி, 'நானே எடுத்துக்கொள்கிறேன்' எனலாம்; அது பகற்கொள்ளை. மூன்றாவது வழியை அந்நாட்டு வரிச்சட்டமே காட்டுகிறது. நியாயமான சந்தை மதிப்பு என்பது, விற்கவும் வாங்கவும் விருப்பமுள்ள இருவர், இருவரும் எந்தக் கட்டாயத்துக்கும் ஆளாகாமல், இருவரும் தேவையான உண்மைகளை ஓரளவு அறிந்த நிலையில் ஒத்துக்கொள்ளும் விலை என்று அது வரையறுக்கிறது. வரி வாங்குவதற்காக எழுதப்பட்ட வாசகந்தான். ஆயினும் இதனுள் ஓர் அறநூலே அடங்கியிருக்கிறது எனலாம். ஒருவன் அறியாமையில் நிற்கையில் பேசப்படும் விலை விலையே ஆகாது. ஒருவன் நெருக்கடியில் நிற்கையில் பேசப்படும் விலையும் விலையாகாது. கடன்காரன் வாசலில் நிற்கும்போது தாலிக்கொடியை நிறுத்த அடகுக்கடைத் தராசுகளை அறிந்த நமக்கு இதன் அருமை நன்கு விளங்கும்.

அவ்வரையறைப்படி மதிப்பீட்டாளரின் முதற்கடமை தொகை சொல்வதன்று, உண்மைகளைத் தெரிவிப்பது. எத்தனை செய்யப்பட்டன, எத்தனை இன்னும் பெட்டியோடு இருக்கின்றன, அண்மையில் கேட்கப்பட்ட விலைகள் அல்லாமல் உண்மையில் கைமாறிய விலைகள் எவை, எந்த வெளியீடு அரிது, எது மலிந்தது என்பவற்றையெல்லாம் அம்மையாருக்கு எடுத்துரைத்த பிறகே தொகை வாயிலிருந்து வர வேண்டும். மதிப்பிட்டவரே வாங்குபவராகவும் இருக்கலாகாது. அமானிதமாக ஒப்படைக்கப்பட்ட கணக்கை ஒருவர் தமக்கே சாதகமாக எழுதிக்கொள்வது எந்த ஊரிலும் ஒன்றுதான். மேலும், 1,500 மட்டுமே வந்த வயோமிங் ரைபிள் போன்ற ஒன்று அந்தக் குவியலுக்குள் இருந்தால், அதைத் தனியே எடுத்து வைத்து, 'அம்மா, இதை மற்றவற்றோடு சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்' என்று சொல்லும் நேர்மை அவருக்கு வேண்டும். அம்மையார் அறியாத ஒன்றை அவர் அறிவார் என்பதற்காகவே அவரை நாடி வந்தார் அன்றோ!

உண்மையைச் சொன்னால் அம்மையாரின் மனம் உடையாதா? உடையலாம். கணவர் ஏமாந்தார் என்று தோன்றலாம். ஏமாந்தார் என்பது ஓரளவு மெய்தான். ஆனால் அவர் மாலைதோறும் பெட்டிகளைத் திறந்து, மெல்லிய துணியால் துடைத்து, மீண்டும் மூடி வைத்த மகிழ்ச்சியை எந்த நிறுவனமும் பொய்யாகச் செய்து தரவில்லை, அது அவருடையது. சந்தையில் அதற்கு விலையில்லை என்பதால் அது இல்லாததாகிவிடாது. விலையேறும் என்ற நம்பிக்கை இன்றியே அவர் அவற்றை வாங்கியிருந்தால் நட்டம் என்ற சொல்லுக்கே இடமிருந்திராது. அந்தச் சொல்லை அவர் வாழ்வுக்குள் கொண்டுவந்து விட்டவர் விளம்பரம் எழுதியவர்.

அண்மைக் காலத்தில் அமெரிக்கத் துப்பாக்கிக் கடைக்காரர் சிலர் இத்தகைய வாரிசுகளுக்கு ஓர் ஆலோசனை கூறுகின்றனர். அரிதான ஒன்றிரண்டை முறைப்படி விற்றுவிடுங்கள். மலிந்தவற்றில் ஒன்றைக் குடும்பத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேட்டைக்குச் செல்லும் பேரன் இருந்தால் அவனிடம் கொடுத்துப் பயன்படுத்தச் சொல்லுங்கள் என்பது அது. சுட்டால் மதிப்புப் போய்விடுமே என்று கேட்டால், போவதற்கு அதில் மிகுதியாக ஒன்றும் இல்லை என்று பதில் வருகிறது. பெட்டியை மட்டும் எறிந்துவிட வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்கின்றனர். ஏனெனில் துப்பாக்கி இல்லாத வெறும் பெட்டிக்கும் அங்கே தனி விலை உண்டு.